படத்திலிருந்து அளவு அட்டவணை: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

ஓர் ஆடையின் படத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு அளவு அட்டவணை போட்டுத் தருமா என்று மலையகத்தில் சிறு தையலகம் நடத்தும் பெண்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். தரும். ஒரு நிமிடத்துக்குள், கட்டம் போட்டு, அச்சடித்தது போலத் தரும். அதை நம்பித் துணியில் கத்தரிக்கோலை வைக்கலாமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. என் பதில்: எதையெதை அளக்க வேண்டும் என்பதை அதனிடம் கேளுங்கள், எவ்வளவு என்பதை டேப்பிடம் கேளுங்கள். இந்தப் பதில் எல்லா ஓடருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. அதனால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

இந்தக் கேள்வி ஏன் நம் பகுதியில் இவ்வளவு அழுத்தமாக எழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. ஹட்டன், தலவாக்கலை, பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் அங்கே கார்மெண்ட் வேலைக்குப் போய், பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். தையலில் அவர்களுடைய கை வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் லைன் முறையில் ஒருவருக்கு ஒரு வேலைதான். கொலர் பொருத்துகிறவர் ஆண்டுக்கணக்கில் கொலர்தான் பொருத்துவார். முழுச் சட்டையின் அளவு அட்டவணை வெளிநாட்டிலிருந்து ஆங்கிலத்தில் வரும். அது அலுவலகக் கோப்பில் இருக்கும், தரக் கட்டுப்பாட்டு மேசையில் இருக்கும், மெஷினில் குனிந்திருப்பவரிடம் வராது. அவர் இன்று சொந்தமாக இரண்டு ஜூக்கி மெஷினை வாங்கிப் போட்டுத் தொழில் தொடங்கும்போது தையல் தெரிகிறது, அட்டவணை போடத் தெரியவில்லை. திறமைக் குறைவு இதில் எதுவும் இல்லை. அவரிடமிருந்து எட்ட வைக்கப்பட்ட அறிவு அது. அது இப்போது கைத்தொலைபேசியில் தமிழிலேயே கிடைக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய செய்தி.

பேச வசதியாக ஓர் ஓடரை வைத்துக்கொள்வோம். கொழும்புக் கடையொன்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறது: சிறுமியர் கவுன், மேலே யோக் (தோளிலிருந்து வரும் மேல்துண்டு), கீழே சுருக்குப் பாவாடை, பஃப் கை. ஐந்து சைஸில் நாற்பது உருப்படி வேண்டும்.

முதல் வழி, படத்தை அப்படியே சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற உரையாடல் மென்பொருள் ஒன்றில் ஏற்றி, முழு அட்டவணையையும் கேட்பது. இலவசம், கணினி வேண்டாம். அது தரும் முதல் நிரலைப் பாருங்கள்: தோள் அகலம், மார்பு, கைக்குழி, யோக் நீளம், கழுத்து அகலம், முன் கழுத்து இறக்கம், கை நீளம், கைவாய்ச் சுற்று, பாவாடை நீளம், கீழ்ச் சுற்று, மொத்த நீளம். பெரும்பாலும் சரியாக இருக்கும். நாம் மறந்துவிடக்கூடிய இரண்டொன்றையும் நினைவூட்டும். இரண்டாவது நிரலில்தான் சிக்கல். படத்தில் அளவுகோல் இல்லை. யோக்கின் அகலம் 12 அங்குலமா 14 அங்குலமா என்று சொல்ல, பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாதபோது அந்த எண் படத்திலிருந்து வரவில்லை. அந்த மென்பொருள் முன்பு கற்ற பொது அட்டவணைகளிலிருந்து, 'எட்டு வயதுப் பெண்பிள்ளை என்றால் இவ்வளவு இருக்கும்' என்ற ஊகத்தில் வருகிறது.

படமும் உண்மையைச் சொல்வதில்லை. கடைப் படங்களில் உடுப்பு உடம்போடு பொருந்தித் தெரிய வேண்டும் என்பதற்காக முதுகுப் பக்கம் ஊசி குத்தி இறுக்கியிருப்பார்கள். கையால் வரைந்த வடிவமைப்புப் படமென்றால் இன்னும் மோசம்: வளர்ந்தவரின் உடல் தலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு இருக்கும், நாகரிக வரைபடத்தில் ஒன்பது மடங்காக இழுத்து வரைவது வழக்கம். கூட்டிய நீளம் பெரும்பாலும் காலில்தான் சேர்கிறது. அந்தப் படத்தின் விகிதத்தை வைத்துப் பாவாடை நீளத்தைக் கணித்தால் வெட்டியது தரையில் இழுபடும். இப்போது வடிவமைப்புப் படத்தையே செயற்கை நுண்ணறிவில் உருவாக்கி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் பட்டன் இருக்கும், பட்டன் துளை இருக்காது. சுருக்கு இருக்கும், அதைப் பிடிக்கும் தையல் எங்கே என்று தெரியாது.

நம் பிள்ளைகளின் உடம்பு அந்தப் பொது அட்டவணைகளில் இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் சுமார் 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; நாடு முழுவதற்கும் அது சுமார் 17 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் எட்டு வயதுச் சிறுமியின் நடுநிலை உயரம் சுமார் 127 சென்டிமீற்றர். மஸ்கெலியாவில் ஒரு வகுப்பறையில் அந்த வயதுப் பிள்ளைகளை நிறுத்தினால் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள் பலர் இருப்பார்கள். 'எட்டு வயது' என்று ஒரு சைஸுக்குப் பெயர் வைத்து, அந்த மென்பொருள் தந்த எண்ணை அப்படியே எடுத்தால், தோள் இறங்கி, கை விரலை மூடுகிற உடுப்புத்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். ஆகவே வயதை விட்டுவிடுங்கள். ஐரோப்பியச் சிறுவர் ஆடைகளில் 116, 122, 128 என்று உயரத்தைச் சென்டிமீற்றரில் சைஸாகப் போடுகிறார்கள்; ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் ஆறு சென்டிமீற்றர். கடைக்காரரிடம் 'உங்கள் வாடிக்கையாளர் பிள்ளைகளின் உயரம் என்ன?' என்று கேட்டு உயரத்தின்படி அட்டவணை கேட்டால், முதல் வழியில்கூட எண்கள் ஓரளவு நிலத்துக்கு வரும்.

இன்னொரு குழப்பம், உடம்பின் அளவா உடுப்பின் அளவா என்பது. அட்டவணையில் 'மார்பு 24½' என்று இருக்கும். பிள்ளையின் மார்புச் சுற்று அதுவானால், நெய்த பருத்திக் கவுனுக்குத் தளர்வாக மூன்றரை அங்குலம் சேர்த்து உடுப்பு 28 வர வேண்டும். விரித்துப் போட்டு ஓர் அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை அளந்தால் 14. நுவரெலியாக் குளிரில் உள்ளே கம்பளிச் சட்டை போடுவார்கள் என்றால் இன்னும் ஓர் அங்குலம். ஒரே அட்டவணையில் சில வரிகள் உடம்பின் அளவாகவும் சில வரிகள் உடுப்பின் அளவாகவும், சில முழுச் சுற்றாகவும் சில அரைச் சுற்றாகவும் கலந்து வருவதுண்டு. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'எங்கிருந்து எதுவரை, விரித்துப் போட்டா, சுற்றியா' என்று ஒரு நிரலையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். உடல் அளவுகளுக்கு ஐ.எஸ்.ஓ 8559 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. அதன் வரையறைகளைப் பின்பற்றும்படி கேட்டால் குழப்பம் குறைகிறது.

வந்த அட்டவணையை மூன்று இடத்தில் சோதித்தால் அதன் தரம் தெரிந்துவிடும். முதலில் கூட்டல்: யோக் 6, பாவாடை 20 என்றால் மொத்த நீளம் 26 ஆக இருக்க வேண்டும். 27½ என்று இருந்தால் அந்த எண்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே ஊகிக்கப்பட்டவை.

இரண்டாவது, தலை நுழையுமா என்பது. எட்டு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 52 சென்டிமீற்றர், அதாவது இருபதரை அங்குலம். கழுத்துச் சுற்று 13 அங்குலம் என்று அட்டவணை சொல்கிறது. முன்பக்கப் படத்தில் திறப்பு எதுவும் இல்லை. அப்படியானால் முதுகில் திறப்பு இருந்தாக வேண்டும். பின்பக்கத்தைப் பார்க்காததால் அந்த மென்பொருள் அந்த வரியையே விட்டுவிடக்கூடும். திறப்பின் நீளம் இரண்டு பக்கமும் சேர்வதால் நான்கு அங்குலத் திறப்பு எட்டைக் கொடுக்கும்: பதின்மூன்றும் எட்டும் இருபத்தொன்று. தலை நெருக்கித்தான் நுழையும். ஐந்தாக வைப்பது நல்லது. இந்த ஒரு வரி இல்லாமல் நாற்பது கவுனும் தைத்து முடித்தால், ஒன்றுகூடப் பிள்ளையின் தலை வழியே இறங்காது.

மூன்றாவது பாவாடையின் கீழ்ச் சுற்று. இதில் படத்துக்கும் மென்பொருளுக்கும் சொல்ல வேண்டியது மிகக் குறைவு. தீர்மானிப்பது துணியின் அகலம். பொப்ளின் துணி 45 அங்குல அகலத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அகலம் வைத்தால் 28 அங்குல யோக்கில் சுருக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், இலேசாக விழும். இரண்டு அகலம் வைத்தால் மூன்று மடங்குக்கும் மேல், அடர்த்தியாக நிற்கும். அட்டவணை 60 அங்குலம் என்கிறது. அது பார்வைக்கு நியாயமான எண்தான். ஆனால் இரண்டாவது அகலத்தில் 30 அங்குலத் துண்டு மிஞ்சும். அதில் பஃப் கைகளை வெட்ட முடியுமா என்று மேசையில் துணியைப் போட்டுப் பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். நாற்பது உருப்படியில் இந்த ஒரு முடிவு இலாபத்தையே தீர்மானிக்கலாம். கழுவாத பருத்தி நான்கு சதவீதம் சுருங்கினால் 26 அங்குலக் கவுன் ஓர் அங்குலம் குறையும் என்பதையும் இங்கேயே கணக்கில் எடுங்கள்.

ஆக, முதல் வழி எதற்கு நல்லது? வரிகளின் பெயரைப் பிடிக்க, துணி எவ்வளவு போகும் என்று தோராயமாக விலை சொல்ல. வெட்டுவதற்கு ஆகாது.

இரண்டாவது வழி, அளவுகோலோடு எடுத்த படம். கடைக்காரரிடம் அந்த உடுப்பே இருந்து, பார்சலில் அனுப்ப மனமோ நேரமோ இல்லாதபோது இது கைகொடுக்கிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் ஓடர் தரும்போதும் அப்படித்தான். உடுப்பை இஸ்திரி போட்டு, தரையில் சமமாக விரித்து, பக்கத்தில் ஓர் ஏ4 தாளை வைத்து, ஒரு கதிரை மேல் ஏறி நின்று நேர் மேலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். உடுப்பு படத்தின் நடுவில் இருக்கட்டும். கைத்தொலைபேசி வில்லை ஓரங்களை இழுத்துக் காட்டும். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீற்றர். படத்தில் அது 990 புள்ளிகள் (பிக்சல்) இருந்தால் ஒரு சென்டிமீற்றருக்கு 33.3 புள்ளிகள். மார்பு 1400 புள்ளிகள் என்றால் 42 சென்டிமீற்றர், முழுச் சுற்று 84, அதாவது 33 அங்குலம். பழைய விகிதக் கணக்குத்தான், புதுமை எதுவும் இல்லை.

இங்கே எச்சரிக்கை ஒன்று. அந்தப் புள்ளிகளை எண்ணும் வேலையை உரையாடல் மென்பொருளிடம் கொடுக்காதீர்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதில் அது கெட்டி. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்று துல்லியமாகக் குறிப்பதில் பலவீனம். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே போன்ற, படத்தை அளக்கும் மென்பொருள் ஒன்றில் நீங்களே கோடு இழுத்து அளந்தால் நம்பகமாக இருக்கும். அப்போதும் சிறு பிழை இருக்கும். ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் உடுப்பின் முன்பக்கம் இரண்டு சென்டிமீற்றர் உப்பியிருந்தால் 42 என்பது 42.6 ஆகத் தெரியும். மார்புக்குப் பரவாயில்லை, பொதுவாக அரை அங்குலம் வரை வித்தியாசத்தை ஏற்பார்கள். கழுத்துக்கும் கைவாய்க்கும் கால் அங்குலமே பெரிது. அந்த இரண்டை மட்டும் டேப் வைத்து அளந்து சொல்லும்படி கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழியைத்தான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வேன்: கையில் ஓர் உண்மையான உடுப்பு, கழுத்தில் டேப், பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு. படத்திலிருக்கும் கவுனே வேண்டும் என்பதில்லை. அதே மாதிரி யோக்கும் சுருக்கும் வைத்த, நன்றாகப் பொருந்துகிற ஒரு கவுன் போதும். நுவரெலியாவின் பேல் பஜாரில் தொழிற்சாலைகளில் மிஞ்சிய ஏற்றுமதி உடுப்புகள் கிடைக்கும். அந்தக் குவியலை நான் மலையகத்தின் இலவச நூலகம் என்பேன். ஒவ்வோர் உடுப்பும் ஒரு வெளிநாட்டு வாங்குநரின் அட்டவணைப்படி வெட்டப்பட்டது, உள்ளே சைஸ் பட்டி இருக்கிறது. ஒரே மொடலில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றையும் தேடிப் பிடித்து அளந்தீர்களானால், ஒரு சைஸிலிருந்து அடுத்ததற்கு அவர்கள் எந்த அளவை எவ்வளவு கூட்டுகிறார்கள் என்ற கிரேடிங் விதியே உங்கள் கொப்பியில் வந்துவிடும்.

கிரேடிங்கில் அந்த மென்பொருளை அதன் போக்கில் விட்டால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதுண்டு. உடம்பு அப்படி வளர்வதில்லை. பெரியவர்களின் நெய்த சட்டையில் மார்புச் சுற்று ஒரு சைஸுக்கு இரண்டு அங்குலம் கூடினால் தோள் அகலம் அரை அங்குலம் அளவில்தான் கூடும். பிள்ளைகளுக்கு நீளம் வேகமாகக் கூடும், கழுத்து மெதுவாகத்தான் கூடும். நீங்கள் பேல் பஜாரில் எடுத்த வித்தியாசங்களைக் கொடுத்து, அந்த விதிப்படி ஐந்து சைஸையும் கூகுள் ஷீட்ஸ் சூத்திரங்களாக எழுதித் தரச் சொல்லுங்கள். எண்ணாகக் கேட்காமல் சூத்திரமாகக் கேட்பது முக்கியம். கணக்கைத் தாள் செய்யும், கூட்டல் பெருக்கலில் பிழை வராது. அடிப்படை அளவை மாற்றினால் எல்லாம் தானாக மாறும். கைத்தொலைபேசியில் முன்கூட்டியே சேமித்து வைத்தால் சிக்னல் இல்லாத தோட்டத்திலும் திறக்கும். தமிழில் ஒரு தாள் உங்கள் உதவியாளருக்கு, ஆங்கிலத்தில் ஒரு தாள் கடைக்கு என்று இரண்டையும் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளலாம். தலை நுழையுமா, கூட்டல் சரியா, கைக்குழியும் கையின் மேல் வளைவும் பொருந்துமா என்ற சோதனைகளையும் அதையே செய்யச் சொல்லுங்கள். கேட்டால் ஒழுங்காகச் செய்கிறது, கேட்காவிட்டால் செய்வதில்லை.

இந்த வழியின் செலவு ஒரு நாள் பயணமும் இரண்டு மூன்று உடுப்பின் விலையும். அந்த அளவுகள் அடுத்த ஓடருக்கும் உதவும்.

நான்காவது, மென்பொருளில் வெட்டிப் பார்ப்பது. க்ளோ த்ரீடி போன்றவற்றில் உடுப்பைத் திரையில் தைத்து, உருவத்துக்கு அணிவித்து, அளவுகளையும் எடுக்கலாம். வேலை அழகானது. ஆனால் வலுவான கணினி வேண்டும், டொலரில் சந்தா கட்ட வேண்டும், கற்க மாதங்கள் வேண்டும். இரண்டு மெஷின் தையலகத்துக்கு இன்றைக்கு இது வேண்டாம். சீம்லி2டி, வலன்டினா ஆகிய இரண்டும் இலவசம், சாதாரணக் கணினியில் ஓடும், அளவை மாற்றினால் பேட்டர்ன் (துணி வெட்டும் மாதிரி வடிவம்) தானாக மாறும். மாதாமாதம் அதே கவுன் ஓடர் வரத் தொடங்கினால், வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால், இவற்றில் ஒன்றைப் பழகலாம்.

ஐந்தாவது, கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் பேட்டர்ன் மாஸ்டரிடம் காசு கொடுத்துச் செய்விப்பது. உள்துணி வைத்த கோட், பாடசாலை பிளேசர், மடிப்புக் கொலர் உள்ள ஜெக்கெட் என்றால் யோசிக்காமல் அவரிடமே போங்கள். அங்கே அட்டவணையின் எண்களைவிட, துணி எங்கே வளைகிறது, எங்கே இழுக்கிறது என்ற கைப்பழக்கம் பெரிது. போகும்போது மூன்றாவது வழியில் போட்ட அட்டவணையைக் கையோடு கொண்டு போங்கள். வெறும் படத்தோடு போகிறவரைவிட, வரிகளும் அளவுகளும் எழுதிக்கொண்டு போகிறவரிடம் மாஸ்டர் பேசும் விதமே வேறு.

எந்த வழியானாலும், யாருடைய படத்தை ஏற்றுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். உடுப்பின் படம் வேறு, அதை அணிந்து நிற்கும் பிள்ளையின் படம் வேறு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும், அளவு கொடுக்க வந்த பெண்ணின் உடல் படத்தை அவரைக் கேட்காமல் எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்புவது தகாது. முகத்தையும் உடம்பையும் வெட்டிவிட்டு உடுப்பை மட்டும் ஏற்றுங்கள். சந்தைக்கு வராத வடிவமைப்பென்றால் கடைக்காரரின் எழுத்து அனுமதி இருக்கட்டும்.

கொழும்பு ஓடருக்குத் திரும்பினால், நான் செய்வது இது: படத்தைக் கொடுத்து வரிகளின் பட்டியலை மட்டும் வாங்குவேன், கடையிடம் பிள்ளைகளின் உயரத்தைக் கேட்பேன், பொருந்துகிற ஒரு கவுனை அளந்து நடு சைஸை நிரப்புவேன், மீதி நான்கையும் சூத்திரத்தில் விரிப்பேன், நடு சைஸில் ஒரு சாம்பிள் தைத்து, கழுவி, மறுபடி அளந்து, அட்டவணையோடு அனுப்பி, 'சரி' என்று எழுத்தில் வந்த பிறகே மீதித் துணியை வெட்டுவேன்.

ரவிக்கைக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம், அது ஒருவருக்கு ஒருவர் மாறும் அளவு, ஆளை நிறுத்தி அளப்பதே வழி. பாடசாலைச் சீருடைக்குப் படமே தேவையில்லை. மாதிரி எல்லோருக்கும் தெரிந்தது, துணி அரசாங்கம் கொடுப்பது, அதன் நீளம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. அங்கே தேவைப்படுவது உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் உண்மையான உயரமும் மார்பும்தான். அதிபரிடம் அனுமதி வாங்கி, வகுப்பு வகுப்பாக ஒருமுறை அளந்து, பெயர் இல்லாமல் எண்களை மட்டும் ஒரு தாளில் சேர்த்து வைத்தால், நம் தோட்டப் பிள்ளைகளுக்கென்று ஓர் அளவு அட்டவணை முதன்முறையாக உங்கள் கையில் இருக்கும். எண்களைச் சீராக்கி, சைஸ்களாகப் பிரிக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் தயங்காமல் கொடுக்கலாம். அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்யும்.